பழைய காருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி கார் சந்தையைப் பற்றி எழுதும்போது, என் வண்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த பழைய கோகோ கோலா ஐஸ் பெட்டியைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் கார்புரேட்டர், பிரேக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்கக் கூலர்தான், அதாவது சோடா பாட்டில்களைக் குளிர வைக்கும் இந்தப் பழைய பெட்டிகள்தான்.

கேள்வி: என் கணவரிடம் 1956 செவர்லே பெல் ஏர் இருக்கிறது. கோடை வந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கார் ஷோ. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறோம். வருகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கூலர் ஒன்று வைத்தால் ஆட்கள் உண்மையிலேயே நின்று பேசுவார்களா? – ஓஹையோ வாசகி

பதில்: பேசுவார்கள். பழைய காருக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களில் நிறையப் பேருக்கு ஒரு கூச்சம் உண்டு. இன்ஜின் எத்தனை கியூபிக் இன்ச், கியர்பாக்ஸ் அந்த வண்டியோடு வந்ததுதானா என்றெல்லாம் கேட்கத் தெரியாது, தப்பாகக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று வாயைத் திறக்காமலே போய்விடுவார்கள். கூலர் விஷயத்தில் அந்தப் பயம் இல்லை. அதிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக் குடித்த எல்லோருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கும்.

சில வருஷம் முன்பு ஒரு ஷோவில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எண்பது வயசு தாண்டிய ஒரு பெரியவர். என் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேரே பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்தார். தூக்குகிற கைப்பிடியே மூடியைப் பிடித்துக்கொள்ளும் வகைப் பெட்டி அது, புதிதாகப் பார்ப்பவர்கள் எப்படித் திறப்பது என்று ஒரு நிமிஷம் தடவிப் பார்ப்பார்கள். அவர் கைப்பிடியை ஒரே தள்ளில் சாய்த்தார், மூடி எழுந்தது. அப்புறம் பார்க்காமலே கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய், அங்கே பதித்திருக்கும் பாட்டில் ஓப்பனரில் கட்டைவிரலை வைத்தார். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது ஒரு கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்க்கில் வேலையாம், காலையில் முதல் வேலை ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் போட்டுப் பாட்டில்களை அடுக்குவதாம், சாயங்காலம் அடியில் தேங்கிய தண்ணீரில் கையை விட்டால் விரல் மரத்துப் போகுமாம், ஈரப் பாட்டிலைத் துடைக்காமல் கொடுத்தால் முதலாளி திட்டுவாராம். இத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் என் வண்டியைப் பார்த்தார். "எங்கள் முதலாளியிடமும் இதே மாதிரி வண்டி ஒன்று இருந்தது" என்றார். அதிலிருந்து இன்னும் அரை மணி நேரம்.

அமெரிக்காவில் காரும் சோடாவும் ஒன்றாகச் சந்தித்த இடம் கேஸ் ஸ்டேஷன் வாசல். பெட்ரோல் நிரப்பும் நேரத்தில் கண்ணாடியை ஒருவர் துடைப்பார், வண்டிக்காரர் இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டில் எடுப்பார், பெட்டியோடு இருக்கும் ஓப்பனரில் மூடியை நெம்பி, அங்கேயே நின்று குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலை வைத்துவிட்டுக் கிளம்புவார். 1886-ல் ஒரு கிளாஸ் ஐந்து சென்ட்டுக்கு ஆரம்பித்த கோகோ கோலா, 1950-கள் வரைக்கும் நிறைய இடங்களில் அதே ஐந்து சென்ட்தான். அதனால் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நாணயம் நினைவில் இருக்கிறது.

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டி, "தொடாதே" என்று அட்டை மாட்டி வைக்காதீர்கள். தொட விட்டால்தான் பேச்சு வரும். உள்ளே ஐஸ் போட்டு நிஜப் பாட்டில் வைப்பதாக இருந்தால், அளவான ஒரு பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே இறக்கி அதில் போடுங்கள். பெட்டிக்குள் நேரடியாக ஐஸ் கொட்டினால் அடித்தகடு ஒரே கோடையில் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும். உங்கள் வண்டிக்கு ஐம்பதுகளின் சின்னப் பிக்னிக் கூலர் போதும், காசு போட்டால் பாட்டில் தரும் பெரிய சோடா இயந்திரத்தை எல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கேள்வி: இரண்டும் பழசு என்பதைத் தவிர, கார் பைத்தியத்துக்கும் கூலர் பைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? – மிச்சிகன் வாசகர்

பதில்: நீங்கள் இருக்கும் மாநிலத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஃப்ரிட்ஜ் செய்யும் ஃப்ரிஜிடேர் 1919 முதல் 1979 வரை அறுபது வருஷம் மிச்சிகனின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி கையில்தான் இருந்தது. நாஷ் கார் கம்பெனியும் கெல்வினேட்டர் ஃப்ரிட்ஜ் கம்பெனியும் 1937-ல் ஒன்றாகச் சேர்ந்தன. கிராஸ்லி சின்னக் காரும் செய்தது, கதவுக்குள் தட்டு வைத்த ஃப்ரிட்ஜும் செய்தது. சோடா இயந்திரம் செய்த ஜேக்கப்ஸ் டெட்ராய்ட்டில் கார் பாகங்கள் செய்த கம்பெனி. அவர்களுடைய ஜேக்கப்ஸ் 26 என்ற மாடலுக்குத் தலை வளைந்து பார்ப்பதற்குத் தபால் பெட்டி மாதிரியே இருக்கும், சேகரிப்பவர்களும் அதை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது தாமஸ் மிட்க்லியின் கதை. பெட்ரோலில் ஈயம் கலந்தால் இன்ஜினுக்குள் தட்டுகிற சத்தம் வராது என்று 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் அவர். 1928-ல் ஃப்ரிஜிடேருக்காகக் குளிரூட்டும் ஃப்ரியான் வாயுவைக் கொண்டுவந்த குழுவிலும் அவர்தான் முன்னால் நின்றார். பழைய காரின் டேங்கில் ஊற்றியதும் பக்கத்தில் நிற்கும் கூலரின் குழாய்க்குள் ஓடியதும் ஒரே மனிதரின் கை பட்டவை. இரண்டுமே உலகத்துக்குப் பெரிய கெடுதல் செய்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

வடிவமைப்பிலும் இதே உறவு. ஸ்டூடிபேக்கர் கார்களுக்கு வடிவம் கொடுத்த ரேமண்ட் லோவியின் அலுவலகம்தான் சோடா கடை மேஜைக்கான கோகோ கோலா டிஸ்பென்சருக்கும் 1947-ல் வடிவம் கொடுத்தது, அது பார்ப்பதற்குப் படகு மோட்டார் மாதிரி இருக்கும். ஐம்பதுகளின் தொடக்கத்து வண்டி ஒன்றின் மட்கார்டு வளைவுக்குப் பக்கத்தில் கேவலியர் சிஎஸ்-72 என்ற சோடா இயந்திரத்தின் மேல் மூலையை வைத்துப் பாருங்கள். தகட்டை அச்சில் அழுத்தி வளைத்து, ஸ்பாட் வெல்டிங் செய்து, எனாமல் அடித்துச் சூட்டில் காய வைத்த அதே வேலை, அதே குரோம் கைப்பிடி. காரில் நெளிவு எடுக்கத் தெரிந்தவருக்குக் கூலரில் கை தானாகப் போகும்.

கேள்வி: ஃபோர்டு காருக்குப் பக்கத்தில் பெப்சி கூலர் வைக்கலாமா? – டெக்சாஸ் வாசகர்

பதில்: தாராளமாக. டாக்டர் பெப்பர், செவன் அப், ராயல் கிரவுன், நீஹை எதுவும் வைக்கலாம். சிவப்பே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த நீலமும் பச்சையும் நல்லதுதான். வண்டியின் காலமும் கூலரின் காலமும் மட்டும் பொருந்தட்டும். மாடல் ஏ ஃபோர்டு வைத்திருப்பவருக்குக் கிளாஸ்காக் கிடைத்தால் அதற்கு மேல் பொருத்தம் இல்லை. இண்டியானாவின் மன்சி ஊரில் கிளாஸ்காக் சகோதரர்கள் 1929-ல் செய்த ஐஸ் பெட்டி அது, எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி என்று கோகோ கோலா கொண்டுவந்த முதல் கூலர். கடைக்காரருக்கு அப்போது பன்னிரண்டரை டாலர்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டி கராஜைக் காலி செய்யும்போது ஒரு சிவப்புப் பிக்னிக் கூலரை எனக்குக் கொடுத்தார். சின்னத் தகட்டில் "ப்ராக்ரஸ் ரெஃப்ரிஜரேட்டர், லூயிவில், கென்டக்கி" என்று இருக்கிறது. எந்தக் காலத்துப் பெட்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரிஜினல்தானா? – வர்ஜீனியா வாசகி

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள். லூயிவில் ப்ராக்ரஸும், கன்சாஸ் மாநிலத்தின் ஆர்கன்சாஸ் சிட்டியில் இருந்த ஆக்டனும் இந்த வகைப் பெட்டிகளுக்குப் பெயர் போனவை. ஐம்பதுகளில் குடும்பம் குடும்பமாகக் கார் டிக்கியில் இவற்றை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

காலத்தைச் சொல்வது எழுத்துதான். கோகோ கோலாவின் முதல் எழுத்தின் வாலுக்குள்ளேயே டிரேட் மார்க் என்ற குட்டி எழுத்து இருந்தால், அது பெரும்பாலும் 1940-களின் தொடக்கத்துக்கு முந்தைய வடிவம். பெயருக்குப் பின்னால் மீன் வால் மாதிரி ஒரு வடிவம் இருந்தால் 1958-க்குப் பிறகு, அறுபதுகளின் நடுவுக்குள். பெயருக்குக் கீழே வெள்ளை அலை ஒன்று ஓடினால் 1969-க்குப் பிறகு. தயாரிப்பாளர் தகட்டில் ஐந்து இலக்க ஜிப் கோடு (நம் ஊர் பின் கோடு மாதிரி) இருந்தால் 1963 ஜூலைக்கு முன்னால் செய்ததாக இருக்கவே முடியாது, ஏனென்றால் ஜிப் கோடே அப்போதுதான் வந்தது. ஊர் பெயருக்குப் பின்னால் அதற்கு முந்தைய அஞ்சல் மண்டல எண்ணாக ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய படங்களையும் அச்சுகளையும் வைத்துப் பின்னாளில் செய்த நகல்களும் உண்டு என்பதால், எழுத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

ஒரிஜினலா என்று பார்க்க, கை படும் இடத்தைப் பாருங்கள். அறுபது எழுபது வருஷம் புழங்கிய பெட்டியில் கைப்பிடி முனையிலும், ஓப்பனரைச் சுற்றியும், அடி விளிம்பிலும்தான் பெயின்ட் தேய்ந்திருக்கும். பழசு மாதிரி காட்டச் செய்த பெட்டியில் தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும், கை போகாத இடத்தில்கூட. எழுத்தின் மேல் விரலை ஓட்டுங்கள். தகட்டிலேயே அழுத்தி எழுப்பிய எழுத்து விரலுக்குத் தெரியும். உள்ளே துத்தநாகப் பூச்சு மேல் பனிப்பூ மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறதா, தண்ணீர் வெளியேற ஓட்டையும் அதற்குத் தக்கையும் இருக்கிறதா, சாண்ட்விச் வைக்கும் தட்டு காணாமல் போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டு பெரும்பாலும் முதலில் தொலைவது.

கேள்வி: எனக்கு ஒரு கூலர் கிடைத்தது. பெயின்ட் பாதி போய்விட்டது. என் காரைப் பெயின்ட் செய்தவரிடமே கொடுத்துப் புதுசு மாதிரி ஆக்கிவிடலாமா? – நியூஜெர்சி வாசகர்

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என் முதல் கூலருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஊரில் நல்ல பெயர் வாங்கிய ஒரு கார் பெயின்ட் கடையில் விட்டேன். தொழிலில் குறை சொல்ல முடியாதவர்கள். ஆனால் அவர்களுக்கு அது இன்னொரு தகடு. சாண்டிங் இயந்திரத்தை வைத்துத் தேய்த்ததில் எழுப்பிய எழுத்தின் கூர்மை எல்லாம் மழுங்கிவிட்டது. கோகோ கோலாவின் எழுத்து வளைவுகள் சோப்புக்கட்டி கரைந்த மாதிரி ஆகிவிட்டன. உள்ளே மூடியின் அடியில் பென்சிலால் யாரோ எழுதி வைத்திருந்த ஒரு கணக்கு, ஏழோ எட்டோ பாட்டிலுக்கான கூட்டல், அதுவும் பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டது. பளபளவென்று வந்த பெட்டியைப் பார்த்து எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அந்தக் கூட்டல் கணக்கைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கார்க்காரர்கள் இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டார்கள். 1935-ல் தொடங்கிய ஏஏசிஏ என்ற அமெரிக்கப் பழைய கார் சங்கம், தொழிற்சாலையிலிருந்து வந்த பெயின்ட்டும் சீட்டும் அப்படியே காப்பாற்றப்பட்ட வண்டிகளுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. கூலருக்கும் அதே கண்ணோடு வாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, மெத்தென்ற துணி, முதலில் பின்பக்க மூலையில் ஒரு சின்ன இடம். துணியில் சிவப்பு ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். ஒட்டாவிட்டால் மெதுவாக முழுவதும் துடைத்து, நன்றாகக் காய விட்டு, கார் வேக்ஸ் மெல்லிசாக ஒரு பூச்சு. துரு ஓடுகிற இடத்தை மட்டும் நிறுத்தினால் போதும். உப்புத்தாள் எடுக்கிற நிலை வந்தால், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, ஈரத்தோடு தேய்த்து, தகுந்த முகமூடி போட்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

ஓட்டை விழுந்து எழுத்தே தெரியாமல் போன பெட்டி என்றால் பெயின்ட் அடிக்கலாம், அதில் தப்பே இல்லை. அடித்த தேதியையும் பெயின்ட் பெயரையும் எழுதி உள்ளே ஒட்டி வையுங்கள்.

கேள்வி: வென்டோ 81 சோடா இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா? ஐந்து சென்ட் நாணயம்தான் போகிறது, குவார்ட்டர் (25 சென்ட் நாணயம்) போகிற மாதிரி மாற்றலாமா? – கலிபோர்னியா வாசகர்

பதில்: சொருகாதீர்கள். அந்தக் காலத்து வயரின் மேலுறை தொட்டாலே உதிரும், பிளக்கில் எர்த் கம்பி இருக்காது, உங்களைச் சுற்றி இருப்பதோ முழுக்க இரும்புப் பெட்டி. முதலில் எலெக்ட்ரீஷியன், அப்புறம்தான் பிளக். கொண்டு வரும்போது படுக்க வைத்திருந்தால் நிமிர்த்தி வைத்து ஒரு நாளாவது விடுங்கள், கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்கட்டும்.

உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு பெரும்பாலும் ஆர்-12, முன்னே சொன்ன ஃப்ரியான்தான். உங்கள் பழைய காரின் ஏசியில் இருந்த அதே வாயு. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றுவிட்டது, காற்றில் திறந்து விடுவது சட்டப்படி குற்றம். கார் ஏசி வேலை செய்யும் நண்பர் "நானே பார்க்கிறேன்" என்பார். காருக்கான 609 சான்றிதழ் இதற்குச் செல்லாது, ஃப்ரிட்ஜ் வேலைக்கு 608 வேண்டும். போருக்கு முந்தைய மிகப் பழைய கூலர்களில் சல்ஃபர் டையாக்சைடுகூட இருக்கலாம், எரிந்த தீக்குச்சி வாசனை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பெரிய பெட்டிக் கூலர் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெளியே கொக்கி விழுகிற மூடி என்றால் குழந்தைகள் நடமாடும் இடத்தில் கொக்கியைக் கழற்றி வையுங்கள். பழைய ஃப்ரிட்ஜுக்குள் மாட்டிக் குழந்தைகள் இறந்ததால்தான் உள்ளிருந்து திறக்கும் கதவுக்கு 1956-ல் சட்டமே வந்தது.

நாணயத்தை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. இயந்திரத்தின் கதையே அந்த ஐந்து சென்ட்தான். ஒற்றை நாணயம்தான் போகும் என்பதால் விலையை ஆறு சென்ட்டாக்க முடியாமல் கோகோ கோலா தவித்தது. 1953-ல் ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அடிக்கச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்கிற அளவுக்குப் போனார்கள். நடக்கவில்லை. ஷோவில் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய ஐந்து சென்ட் போட்டு வையுங்கள். பிள்ளைகள் ஒன்று எடுத்துப் போட்டு, உள்ளே அது விழும் சத்தம் கேட்டு, கதவைத் திறந்து பாட்டிலை இழுக்கட்டும். வரிசை நிற்கும், பாருங்கள்.

கேள்வி: நல்ல கூலர் எங்கே கிடைக்கும்? – இல்லினாய் வாசகர்

பதில்: அக்டோபரில் ஹெர்ஷி. ஏஏசிஏ 1955-லிருந்து நடத்தும் சந்தை, ஆயிரக்கணக்கான கடைகள், கார் பாகங்களுக்கு நடுவில் கூலரும் கேஸ் ஸ்டேஷன் பலகையும் கலந்தே கிடக்கும். அதே மாநிலத்தில் கார்லைல், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். உங்களுக்குப் பக்கம் அயோவாவின் டெ மாயின், அங்கே கோடையில் கூடும் அயோவா கேஸ் சந்தை முழுக்க முழுக்க இந்த மாதிரிப் பொருளுக்குத்தான். விடியும்போதே போங்கள், ரொக்கம் கொண்டு போங்கள். போனதும் "கடைசி விலை என்ன" என்று ஆரம்பிக்காமல் "இது எங்கே கிடைத்தது" என்று கேளுங்கள். எனக்கு அப்படிக் கேட்டுத்தான் பாதிப் பொருளும், பாதி நண்பர்களும் கிடைத்தார்கள்.

கேள்வி: என் கணவர் போன குளிர்காலத்தில் தவறிவிட்டார். கராஜில் அவருடைய செவர்லே பிக்கப்பும் மூன்று கூலர்களும் இருக்கின்றன. ஒரு வியாபாரி வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். பெரிய இயந்திரம் பூட்டியிருக்கிறது, சாவி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. பூட்டைத் துளை போட்டுத் திறந்து பார்க்கலாம் என்கிறார். என்ன செய்வது? – பென்சில்வேனியா வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன் அம்மா. இந்த வருஷம் எதையும் விற்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லாவிட்டால் விற்காதீர்கள். மொத்தமாகச் சொல்லும் விலை எப்போதும் வாங்குபவருக்குச் சௌகரியமான விலை. ஒவ்வொன்றையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள், தயாரிப்பாளர் தகடு, எண், உள்பக்கம் எல்லாம். அவர் வழக்கமாகப் போன ஷோவில் அவருக்குப் பக்கத்திலேயே வண்டி நிறுத்தியவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். எந்தக் கூலரை எங்கே வாங்கினார், எதற்கு என்ன செய்தார் என்று வீட்டில் சொன்னதைவிட அவர்களிடம் அதிகம் சொல்லியிருப்பார். வந்து நிற்கவும் செய்வார்கள், கேட்டால் மட்டும் போதும்.

துளை போட விடாதீர்கள். அந்தப் பூட்டும் கைப்பிடியும் இயந்திரத்தின் பாகம், போனால் அதே மாதிரி கிடைப்பது கஷ்டம். பிக்கப்பின் டேஷ்போர்டு பெட்டியைப் பாருங்கள், வண்டிச் சாவிக் கொத்தைப் பாருங்கள், இயந்திரத்தின் பின்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள், நிறையப் பேர் அங்கேதான் வைப்பார்கள். எங்கேயும் இல்லையென்றால் பழைய பூட்டு தெரிந்த ஒரு பூட்டுக்காரர் சேதமில்லாமல் திறந்து புதுச் சாவியும் செய்து தருவார். திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் கடைசியாக அடுக்கி வைத்த பாட்டில்கள் உள்ளே இருக்கலாம்.